அடங்காத புளிப்பு

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் குழம்பினார். பக்கத்தில் நின்ற மேகலாவுக்கு அந்தக் குழப்பமே பதிலாக இருந்தது.

"சாராயம் துளிகூட இல்லைங்க," என்றார் அந்த இளம் டாக்டர். "சர்க்கரை சரியா இருக்கு. ஆனா ரத்தம் புளிச்சிருக்கு. ஏதோ ஒரு அமிலம் கலந்திருக்கு. இந்த மாதிரி இருந்தா வழக்கமா லாக்டிக் அமிலம்தான் ஏறியிருக்கும். அதுவும் சரியாத்தான் காட்டுது. வேற என்னன்னு பிடிபடல."

கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த மணிமொழி கண் திறந்தாள். "அண்ணி, வீட்டுக்குப் போலாம்," என்றாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

மணிமொழி மேகலாவின் கணவனுடைய தங்கை. ஆத்தூரில் ஒரு தனியார் பள்ளியின் வேன் ஓட்டுகிறாள். பத்து வயதில் குடல் முறுக்கிக்கொண்டு, சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துப் பிழைக்க வைத்த பெண். அதனாலேயே இருபத்தெட்டு வயதுவரை வந்த வரன்களெல்லாம் தட்டிப் போயின. தலைவாசலைச் சேர்ந்த திருமாறன் மட்டும், "எனக்கும் பித்தப்பை கிடையாதுங்க, சரியாப் போச்சு," என்று சிரித்துவிட்டுச் சம்மதம் சொன்னான். தை மாதம் கல்யாணம்.

அன்று மதியம் உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் வயிறார சாப்பிட்டுவிட்டு எழுந்தவள், கை கழுவப் போன இடத்தில் தள்ளாடி விழுந்தாள். பேச்சு குழறியது. சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தை மேகலா கவனித்தாள். வேன் ஓட்டுகிற பெண், பேன்ட் போடுகிற பெண். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

"டாக்டர், மிச்ச ரத்தம் இருந்தா எங்க ஆலை லேப்ல ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"தாராளமா, மேடம். ஏதாவது தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

சின்னக் குழாயை மேகலா கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆத்தூரைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கு விளையாத நிலம் குறைவு. ஜவ்வரிசி ஆலைகள் மாவை எடுத்துக்கொண்டு ஒதுக்கும் திப்பி முன்பெல்லாம் மலைமலையாகக் குவிந்து நாறும். மேகலா வேலை பார்க்கும் ஆலை அந்தத் திப்பியை வாங்கிப் பெரிய தொட்டிகளில் கரைத்து நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுக்கும். அவை அதைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலத்தைப் பிரித்தெடுத்து இறுக்கினால் தட்டு, நூல், பை எல்லாம் செய்யலாம். தூக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஒரே தொல்லை, நுண்ணுயிர்கள் தாங்கள் செய்த புளிப்பில் தாங்களே திணறி நின்றுவிடும். நிற்காமல் வேலை வாங்க வேண்டுமானால் தொட்டியில் சுண்ணாம்பைக் கொட்டிப் புளிப்பைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அந்தச் சுண்ணாம்பிலிருந்து அமிலத்தை மீட்க இன்னொரு கடுமையான அமிலத்தை ஊற்ற வேண்டும். மிஞ்சுவது வெள்ளை வெள்ளையாகக் குவியும் சக்கை.

மேகலா தொட்டிப் பக்கம். அறவாழி பிரித்தெடுக்கும் பக்கம். அந்த நாட்களில் வாரம் தவறாமல் படியேறி வந்து சண்டை போடுவான்.

"உங்க சுண்ணாம்பை நான் எத்தனை தடவைங்க கழுவறது? என் வடிகட்டியெல்லாம் அடைச்சுக்கிட்டுக் கிடக்குது."

"அடைச்சாதானே நீங்க மேல வந்து பேசறீங்க."

அதைச் சொல்லிவிட்டு மேகலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இறங்கிப் போன அறவாழி பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தான். அடுத்த ஆவணியில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் செய்த பெரிய காரியம், புளிப்பில் நிற்காத ஒரு நுண்ணுயிரை உருவாக்கியதுதான். எவ்வளவு புளித்தாலும் அது தளராது, தின்றுகொண்டே இருக்கும். அதற்கு ஆலை வைத்தது ஒரு நீளமான எண். தொழிலாளர்கள் வைத்த பெயர் பிடாரி. சுண்ணாம்பு லாரிகள் நின்றன. வெள்ளைக் குவியல்கள் கரைந்தன. கிணறுகளில் தண்ணீர் தெளிந்தது. அறவாழியின் வடிகட்டிகள் அடைக்கவே இல்லை. "எனக்குப் பொண்டாட்டி போட்ட சீர்," என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

போன மார்கழிக்கு முந்தைய மார்கழியில் கல்வராயன் மலையிலிருந்து வந்த குளிரில் ஊரில் எந்த வீட்டிலும் தயிர் உறையவில்லை. ஆலையின் கேன்டீனில் சமைக்கும் நல்லம்மா, மேகலாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், உங்க தொட்டி ரூம் கதகதன்னு இருக்குதுங்க. சாயங்காலம் தயிர்க் குண்டானை ஒரு ஓரமா வெச்சுட்டுப் போகட்டுங்களா? மூடிபோட்டுத்தான் வெப்பேன்."

மறுத்திருக்க வேண்டும். அந்த அறைக்குள் வெளிச் செருப்பைக்கூட விடக் கூடாது என்பது மேகலாவே எழுதிய விதி. ஆனால் நல்லம்மாவின் முகத்தைப் பார்த்ததும், ஒரு குண்டான் தயிரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றியது.

"வெச்சுக்கோங்கக்கா."

மறுநாள் தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கெட்டி. வேலை முடிந்து போகிறவர்கள் டிபன் பாக்ஸின் மூடியில் ஆளுக்கொரு கரண்டி உறைக்கு வாங்கிப்போனார்கள். மேகலாவும் வாங்கிப்போனாள். எதிர்வீட்டுக்காரி கேட்டாள், அவளுடைய தங்கை கேட்டாள். உறை கேட்டு வந்தவரை இல்லையென்று திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கோடை வருவதற்குள் அந்தத் தயிர் எந்தெந்த ஊர்களில் எந்தெந்தப் பானைகளில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் மணிமொழியின் ரத்தத்தைக் கருவியில் வைத்துவிட்டு மேகலா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிடாரியின் அமிலம் எந்த இடத்தில் கோடாக எழும் என்று அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தில் கோடு எழுந்தது, செங்குத்தாக.

குழாயைக் கழுவினாள். திரையில் இருந்ததை அழித்தாள். இரண்டையும் ஏன் செய்தோம் என்று கைகளைத் துடைத்துக்கொண்டபோதுதான் யோசித்தாள்.

வீட்டுக்கு வந்து தயிர்ப் பானையைக் கொட்டி, கொதிநீர் ஊற்றித் தேய்த்தாள். கடையில் பாக்கெட் தயிர் வாங்கினாள். "ஏன் அண்ணி, நம்ம தயிர் என்னாச்சு?" என்று கேட்ட மணிமொழியிடம், "ரொம்பப் புளிச்சுப் போச்சுடி," என்றாள். போனில் டாக்டரிடம், "எங்களுக்கும் ஒண்ணும் பிடிபடலைங்க," என்றாள். குரல் இயல்பாகத்தான் வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இனி வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆலையை மூடிவிட்டால் திப்பி விற்கிறவர்கள் என்ன செய்வார்கள், அறவாழி எங்கே போவான் என்றும் சொல்லிக்கொண்டாள். மணிமொழி சிரித்த முகத்தோடு கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்க அளவு கொடுத்துவிட்டு வந்த நாளில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பக்கூடச் செய்தாள்.

ஆனால் பிடாரி அதற்கு முன்பே மணிமொழியின் வயிற்றுக்குள் குடியேறியிருந்தது.

பள்ளியில் பொங்கல் பாயசத்தோடு விருந்து நடந்த நாள் அது. மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியவளுக்குப் பாதி வழியில் நாக்கு தடித்தது. உடனே வேனைச் சாலையோரம் நிறுத்தினாள். சாவியை உருவிக்கொண்டு பள்ளிக்குப் போன் செய்தாள். பேச்சு குழறியதால் அந்தப் பக்கம் யாருக்கும் விளங்கவில்லை. கீழே இறங்கியவள் வேனைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். அந்த வழியாக வந்த பெற்றோர் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாலைக்குள் அந்தப் படம் தலைவாசல் வரைக்கும் போய்விட்டது.

திருமாறனின் அம்மா விஜயராணி போனில் அழைத்தார். அறவாழி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நான் சுத்தி வளைக்கல. என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு உங்களுக்கே தெரியும். குடிச்சுட்டு வண்டியோட வாய்க்கால்ல விழுந்தாரு. அதை ஒரு தடவை பார்த்தாச்சு. மருமக வடிவத்துல மறுபடியும் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

"அம்மா, டாக்டர் சாராயம் இல்லைன்னுதானே..."

"மெஷினை ஏமாத்தலாம் தம்பி. கண்ணை ஏமாத்த முடியுமா? பையன்கிட்டச் சொல்லிட்டேன். இதோட விட்டுடலாம்."

போன் வைக்கப்பட்டது. உள்ளே இருந்து வந்த மணிமொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அறவாழி அவளைக் கன்னத்தில் அறைந்தான். வாழ்நாளில் தங்கையை அவன் தொட்டு அடித்தது அதுதான் முதல் தடவை. மேகலா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

மறுநாள் காலை அறவாழி ஆலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேகலா கதவைச் சாத்தினாள்.

"மணிமொழி குடிக்கல."

"டாக்டரும் அதான் சொல்றாரு. அப்ப என்ன எழவுதான் அது?"

"பிடாரி."

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"லாக்டிக் அமிலத்துல ரெண்டு உருவம் இருக்குல்ல, வலது கை, இடது கை மாதிரி. நம்ம உடம்பு செய்யறது வலது கை. ஆஸ்பத்திரி டெஸ்டும் அதை மட்டும்தான் தேடும். பிடாரி செய்யறது இடது கை. வெந்நி ஊத்தினாலும் இளகாத தட்டு வேணும்னு நாமதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். அது ரத்தத்துல ஏறினா உடம்பால சீக்கிரம் கழிக்க முடியாது. மூளைக்குப் போய்க் குடிச்ச மாதிரியே ஆக்கிடும்."

"பிடாரி எப்படி அவ வயித்துக்குள்ள..."

"தயிர்ல. கேன்டீன் தயிர்ல. தொட்டி ரூம்ல வெச்சுக்கச் சொன்னது நான்தான்."

"நாமளும்தான் சாப்பிட்டோம். ஊரே சாப்பிடுது."

"நமக்கு ஒண்ணும் ஆகாது. சோறு மேல் குடல்லயே செரிச்சிடும். அவளுக்கு அந்தக் குடல் இல்லைங்க. சோறு அரைகுறையா கீழே இறங்குது. அங்க அது காத்துக்கிட்டிருக்கு. தொட்டியில புளிப்புக்குச் சாகாததை வயித்துப் புளிப்பு மட்டும் கொன்னுடுமா?"

அறவாழி கட்டிலில் உட்கார்ந்தான். சட்டை பாதி திறந்திருந்தது. வெகுநேரம் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"வளைகாப்பு அன்னைக்கு."

"மேகலா... நான் அவளை அடிச்சபோது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் எழுந்து தங்கையின் அறைக்குப் போனான். என்ன பேசினான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மணிமொழி வந்து கதவருகே நின்றாள். கன்னத்தில் இன்னும் லேசாகச் சிவப்பு.

"நிஜமா அண்ணி?"

"நிஜம்டி."

"அப்போ நான் பைத்தியமும் இல்ல." அவள் சிரிக்க முயன்றாள். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணி. தூக்கத்துல எழுந்து போய் எங்கயாவது குடிச்சுட்டு வர்றேனோன்னு பீரோவை எல்லாம் தேடினேன். பாட்டில் இருக்கான்னு."

மேகலா அவள் கையைப் பிடிக்கப் போனாள். மணிமொழி கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அந்த நேரத்துல எல்லாம் கேக்கும். சாப்பாட்டுப் பந்தியில பொம்பளைங்க பேசினது, வேன் பக்கத்துல நின்னவங்க சொன்னது, அண்ணன் திட்டினது, ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. பதில் சொல்லத்தான் வாய் வராது. உள்ள கிடந்து கத்திக்கிட்டு இருப்பேன். நீங்க அங்கதான் நின்னுட்டிருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே மேகலாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"சொல்றேன்," என்றாள் கடைசியில். "எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சொன்னாள். டாக்டரிடம் முதலில். அவர், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க," என்றார். அன்றே மருந்தைத் தொடங்கினார். சோறு, இனிப்பு எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். பிறகு ஆலையின் நிர்வாகத்திடம், சுகாதாரத் துறையிடம். தொட்டி அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மேகலாவை வீட்டிலிருக்கச் சொன்னார்கள். ஊர் ஊராகப் போய்த் தயிர்ப் பானைகளைக் கொட்டச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லம்மா போன் செய்து, "என்னாலயா மேடம்?" என்று அழுதாள். "இல்லக்கா. என்னால," என்றாள் மேகலா. அந்த ஒரு பதிலில்தான் அவளுக்குச் சற்று மூச்சு வந்தது.

மீதியிருந்தது தலைவாசல்.

"நானும் வர்றேன்," என்றாள் மணிமொழி. "கல்யாணத்துக்காக இல்ல. நான் குடிக்கலைன்னு அவங்க வாயால கேக்கணும்."

எது கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று மேகலா தீர்மானித்திருந்தாள். இனி எவரிடமும் எதையும் மறைத்து ஒரு பொழுதுகூட ஓட்ட முடியாது என்று தோன்றியது.

விஜயராணி அவர்களை வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நாற்காலியைக் காட்டினார். திருமாறன் உள்ளறைக் கதவருகே வந்து நின்று மணிமொழியைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

மேகலா சொல்ல ஆரம்பித்தாள். தொட்டி, தயிர், உறை, இரண்டு கை அமிலம், ஆஸ்பத்திரி டெஸ்டில் ஏன் தெரியவில்லை, தான் ஏன் சொல்லவில்லை. எதையும் விடவில்லை. விஜயராணி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் இது வராதுங்கம்மா. குடல்ல பாதியை எடுத்தவங்களுக்கு, இல்லைன்னா சர்க்கரைக்காக வயித்தைச் சுருக்கிக் குடலை மாத்தித் தைச்சுக்கிட்டவங்களுக்கு..."

"சர்க்கரைக்கா?"

விஜயராணியின் குரல் சட்டென்று மெலிந்துவிட்டது.

"ஆமாங்கம்மா. அந்த ஆபரேஷன்தான் இப்போ ஊருக்கு ஊர் பண்றாங்களே."

"அம்மா," என்றான் திருமாறன் கதவருகிலிருந்து.

"நீ சும்மா இரு." அவர் மேகலாவையே பார்த்தார். "அவருக்கும் பண்ணியிருந்துச்சு. சேலத்துல. நல்லாத்தான் இருந்தாரு. சர்க்கரை மாத்திரையே விட்டுட்டாரு."

"தயிர்..." என்றாள் மேகலா.

"ஆத்தூர்ல என் தங்கச்சி வீட்டுல உறை வாங்கிட்டு வந்தேன். கத்தியில வெட்டலாம் போல இருக்குதேன்னு ஆசைப்பட்டு. நான்தான் ஊத்தி வெச்சேன். அவருக்குத் தயிர் இல்லாம சோறு இறங்காது."

தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரன் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனான். விஜயராணி முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"கோயில் விருந்துல சாப்பிட்டுட்டு மத்தியானம் வந்தாரு. தள்ளாடிக்கிட்டு. அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவை அப்படி வந்திருக்காரு. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுவாரு, தொடவே இல்லைன்னு. நான் நம்பல. அன்னைக்குக் கதவைத் தாப்பாப் போட்டுட்டேன். வெளிய நின்னு என்னமோ சொன்னாரு, ஒண்ணும் விளங்கல. நான் உள்ள நின்னுக்கிட்டு..." அவர் நிறுத்தினார். "சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். புருசனைப் பார்த்துச் சொல்லக் கூடாதது. பையன் முன்னாடிகூடச் சொல்ல முடியாது. அப்புறம் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. தொலையட்டும்னு இருந்துட்டேன்."

திருமாறன் சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மேகலா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவர் காலடியில் உட்கார வேண்டும் போலிருந்தது, அதற்கும் தைரியம் வரவில்லை. நின்றபடியே, "என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்கம்மா," என்றாள்.

விஜயராணி அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேறொன்று தேவைப்பட்டது. முன்னால் சாய்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"அது வர்ற நேரத்துல, நாம பேசறது அவங்களுக்குக் கேக்குமா?"

மேகலா வாயைத் திறந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்வதாகத்தான் அவள் வந்திருந்தாள்.

"கேக்காது அத்தை."

சொன்னது மணிமொழி. எழுந்து போய் விஜயராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு வந்திருக்குல்ல, எனக்குத் தெரியும். ஒண்ணுமே கேக்காது. தூக்கத்துல இருக்கற மாதிரிதான். யாரு என்ன சொன்னாங்கன்னு அப்புறம் யோசிச்சாக்கூட ஞாபகம் வராது."

விஜயராணி அவளை நம்ப ஆசைப்பட்டார். ஆனாலும் மேகலாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க படிச்சவங்க. நீங்க செஞ்ச பொருள் அது. நீங்க சொல்லுங்க. அப்படித்தானா?"

மேகலா மணிமொழியைப் பார்த்தாள். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆமாங்கம்மா," என்றாள் மேகலா. "கேக்காது."